சைக்கிளை இளைக்க வைத்தவர்

என் அக்கா வீட்டுக்காரரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். துக்கம் அதற்குப் பின்னால், அழைக்காத விருந்தாளி மாதிரி தயங்கித் தயங்கி வரும். போய்ச் சேர்ந்த மனுஷனைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று யாராவது கேட்டால், என் அக்காவிடம் போய்க் கேளுங்கள் என்பேன். அவர் படத்துக்குப் பூ வைக்கும்போதுகூட அவள் திட்டிக்கொண்டேதான் வைக்கிறாள்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அவருக்குச் சின்னதாக ஒரு பொம்மைக் கம்பெனி இருந்தது. பீங்கான் யானை, மயில், தொப்பை வைத்த செட்டியார் ஜோடி என்று செய்து ஊர் ஊராகக் கோயில் கடைகளுக்கு அனுப்புவார். ஆள் நல்ல உடம்பு. டவுன் பஸ்ஸில் அவர் போய் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் தானாகவே எழுந்து நின்றுகொள்வார். அப்படிப்பட்டவர், உலகத்தில் தன்னைத் தவிர மற்ற எல்லாப் பொருளும் தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டே வாழ்ந்தார்.

கம்பெனி ஆபீஸ் மேசையில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு இருக்கும். பொம்மைக்குப் பூசுகிற வர்ணப் பொடியை நிறுக்க வாங்கியது. பொடியை நிறுத்ததைவிட மற்றதை நிறுத்ததுதான் அதிகம். கையில் எது கிடைத்தாலும் முதலில் உள்ளங்கையில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். முகம் கோணும். பிறகு தராசில் வைப்பார். ஒருமுறை என் சாவிக்கொத்தை அப்படி வைத்துப் பார்த்துவிட்டு, "எதுக்கு மாப்ள ஒரு சாவிக்கு இவ்ளோ இரும்பு?" என்று வளையத்தைக் கழற்றிவிட்டு நூலில் கட்டிக் கொடுத்தார். நூல் அறுந்து சாவி மணிமுத்தாற்றுப் பாலத்துக்கிட்டே எங்கேயோ விழுந்துவிட்டது. மறுநாள் என் ரத்தப் பரிசோதனை லேபின் பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனேன்.

அக்காவின் ஸ்கூட்டரையும் விடவில்லை. பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்கப் போட்டிருந்த கம்பித் தடுப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். "வண்டி இப்ப எப்படிப் போவுதுன்னு பாரு" என்று அவளை அனுப்பியும் வைத்தார். மார்க்கெட்டுக்குப் போனவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். முந்தானை கிழிந்து, நுனியெல்லாம் கிரீஸ். விழுந்து மண்டை உடையாமல் வந்ததே பெரிய விஷயம். அவர் சேலையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "காட்டன் சேலையா கட்னா இந்தப் பிரச்சனை வராது" என்றார். அக்கா அன்றைக்குச் சமைக்கவில்லை.

இந்தக் கிறுக்குக்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் அவரைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். பொம்மை வேலையில், பாதிபாதியாக இருக்கும் அச்சைச் சேர்த்துக் கட்டி, அதில் மண் கூழை ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் அச்சின் சுவரோரமாக மண் ஒட்டிக்கொள்ளும். வேண்டிய அளவு ஒட்டியதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். அதனால்தான் பொம்மை உள்ளே காலியாக இருக்கிறது. கவிழ்க்கத் தாமதமானால் சுவர் தடித்துவிடும். தடித்த பொம்மை வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும், சூளையில் வெடிக்கும். சிறு வயதிலிருந்து அவர் பார்த்தது அதுதான். லேசானது பிழைக்கும், கனமானது உடையும். மண்ணுக்குச் சரியான இந்தப் பாடத்தை அவர் இரும்புக்கும் எடுத்துப் போனார். எங்கள் எஸ்டேட்டில் பலருக்கு இந்த நினைப்பு உண்டு. ஆனால் அவர்கள் அதை வைத்துச் சைக்கிளைக் கழற்றி மாட்டவில்லை.

சைக்கிள் எப்படி வந்தது என்றால், சர்க்கரையால் வந்தது.

நான் கடைவீதியில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். அவருக்குச் சர்க்கரை என்று முதலில் கண்டுபிடித்ததே நான்தான். தற்செயலாக ஒருநாள் குத்திப் பார்த்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, உடம்பைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கால், கண், கிட்னி என்று வரிசையாகப் போகும் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். நடந்தால் முட்டி வலிக்கிறது என்றார் மாமா. அப்படியானால் தினமும் காலையில் சைக்கிள் மிதியுங்கள் என்றார் டாக்டர். அன்று வெளியே வந்ததும் மாமா என் தோளில் கை போட்டு, "சைக்கிளு. அது என்னால முடியும் மாப்ள" என்றார். நான் நம்பினேன். அக்காவும் நம்பினாள்.

அக்கா மறுநாளே சாதாரண சைக்கிள் ஒன்றை வாங்கி நிறுத்தினாள். அதில் பாலக்கரை வரைக்கும் ஒரே ஒருநாள் போய்விட்டு வந்தார். வேர்த்து வழிய இறங்கி, "எருமை மாதிரி கனக்குது" என்று ஸ்டாண்டையும் கேரியரையும் கழற்றினார். ஸ்டாண்டு இல்லாத சைக்கிள் சுவரில் சாய்த்து வைத்தால் சரிந்து விழுந்தது, மரத்தில் சாய்த்தாலும் விழுந்தது. ஒரு வாரத்தில் அதைக் கம்மாபுரத்திலிருந்து வேலைக்கு வருகிற ஒரு பெயிண்டருக்குக் கொடுத்துவிட்டார்.

"கனமா இருந்தா நல்லதுதான மாமா. கஷ்டப்பட்டு மிதிச்சாத்தான ஒடம்பு எளைக்கும்" என்று நான் சொன்னேன்.

என்னை ஏதோ படிக்காதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

எஸ்டேட் வாசலில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாய் அவருக்கு நெருங்கிய சிநேகிதர். பாயின் தம்பி துபாயில் வேலை பார்த்த இடத்தில், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் தன் பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். தம்பி அதைக் கம்பளி, பால் பவுடரோடு சேர்த்துக் கார்கோவில் அனுப்பிவிட்டார். அதன் சீட்டையும் ஆட்டுக்கொம்பு ஹேண்டிலையும் பார்த்துவிட்டு பாயின் பிள்ளைகள் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். "முதலாளி, ஒங்களுக்குத்தான் டாக்டர் சொல்லியிருக்காரே, நீங்க வச்சிக்கங்க" என்று பாய் கொண்டுவந்து கொடுத்தார்.

அழகான சைக்கிள். அதை நான் மறுக்கவில்லை. வெளிர் நீலத்தில் ஒல்லிக் குழாய்கள், குழாய்கள் சேருமிடத்தில் இலை மாதிரி வெட்டிய பூண், கியர் மாற்ற அடிக்குழாயில் இரண்டு சின்னக் காதுகள். கம்பெனியில் எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். மாமா நடுக்குழாயை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். சைக்கிள் தக்கை மாதிரி எழுந்தது. அவர் முகம் மட்டும் கோணியது.

"இதுலயும் கொஞ்சம் கனம் இருக்குது மாப்ள" என்றார்.

அந்த வார்த்தையோடு முடிந்தது எங்கள் நிம்மதி. அன்றிரவே போனில் தேட ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்து ரேஸ்காரர்கள் இரும்புச் சாமானைக் கழற்றிவிட்டு டைட்டானியத்தில் செய்ததைப் போடுவார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறார். இரும்பின் உறுதி, எடையில் ஏறக்குறையப் பாதி. துருப்பிடிக்காது. அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லும்போது புது மாப்பிள்ளை பெண் பேரைச் சொல்வதுபோல இருக்கும். "டைட்டானியம் மாப்ள." வெளிநாட்டில் யார் யாரோ கிழவர்கள் கொட்டகையில் போட்டு வைத்திருந்த பழைய சாமான்களைத் தேடித் தேடி வரவழைத்தார். பெட்டி வந்து சேர ஒவ்வொரு தடவையும் மாதக் கணக்கில் ஆகும். அதுவரைக்கும் சைக்கிள் பிரித்துப் போட்டபடி கிடக்கும்.

முதல் போல்ட் வந்த அன்று என்னை லேபிலிருந்து வரச்சொன்னார். ரத்தம் எடுக்க வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு ஓடினேன். தராசில் பழைய இரும்பு போல்ட்டை வைத்தார், எடுத்தார். டைட்டானியம் போல்ட்டை வைத்தார். எண் குறைந்ததைக் காட்டி என்னைப் பார்த்தார். மேசையில் டீயோடு வந்த மெதுவடை ஒன்று இருந்தது.

"மாமா, அந்த ஒரு வடைய விட்டீங்கன்னா இந்த மாதிரி ஒரு டஜன் போல்ட்டு கொறையும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வடையை எடுத்துத் தராசில் வைத்து எண்ணைப் படித்தார். "நீ சொல்றது கரெக்ட்டுதான்" என்றார். பிறகு வடையைச் சாப்பிட்டார்.

இப்படி ஒரு மனிதரிடம் என்ன பேசுவது? திட்டினால் திருப்பித் திட்டுகிறவரை வழிக்குக் கொண்டு வரலாம். இவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையை நீட்டி எனக்கு ரத்தம் கொடுப்பார். முடிவைச் சொல்லும்போது பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொள்வார். ஒவ்வொரு தடவையும் கூடித்தான் இருக்கும்.

"எப்ப மாமா ஓட்டப் போறீங்க?"

"சீட்டுக்கு அடியில வர்ற கம்பி ஒன்னு வரணும். வந்துட்டா அடுத்த நாளே."

சீட்டுக் கம்பி வந்தது. பிறகு சக்கரத்தைச் சட்டத்தோடு இறுக்குகிற ஊசி வர வேண்டியிருந்தது. பிறகு பெடலின் அச்சு. சைக்கிள் ஒவ்வொரு மாதமும் இளைத்துக்கொண்டே போனது. அவர் இளைக்கவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அதை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டுவார். அந்தக் காலத்தில் அவர் உடம்புக்குக் கிடைத்த பயிற்சி அது ஒன்றுதான்.

கடைசியாக வந்தது நடு அச்சு. இரண்டு பக்கப் பெடல் கைகளையும் இணைத்து, சைக்கிளின் அடியில் குறுக்காகப் போகிற தண்டு. மிதிக்கிற மிதியெல்லாம் அதன் மேல்தான் விழும். அது வந்ததும் சைக்கிள் முழுமையாகிவிடும், மறுநாள் காலையில் ஓட்டுகிறேன் என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அக்கா விடிவதற்கு முன்பே எழுந்து, கம்பெனியை ஒட்டியே இருந்த வீட்டுக்கு வாசல் தெளித்தாள். பாய் தொழுகை முடித்துவிட்டு நேரே வந்துவிட்டார். நானும் போயிருந்தேன். மாமா புது ஷூ, கால்சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. கருவேப்பிலங்குறிச்சி ரோடு வரைக்கும் காலியாகக் கிடந்தது.

அவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"ஏறுங்க" என்றாள் அக்கா.

"இதுல ஒரு விஷயம் இருக்குது மாப்ள" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "இந்த நடு அச்சு எண்பது கிலோ வரைக்கும்தான் தாங்குமாம். அதுக்கு மேல ஆள் ஏறுனா மிதிக்கும்போது முறிஞ்சிருமாம்."

"ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"வாங்கறப்பவே சொன்னாங்க."

அவர் எண்பதைத் தாண்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு மாமா வாங்குனீங்க?"

"நான்தான் கொறஞ்சிருவேன்ல."

"எப்படி கொறைவீங்க?"

"சைக்கிளு ஓட்டித்தான்" என்றார்.

சொல்லிவிட்டுத்தான் தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பாய் தாடியைத் தடவினார்.

பழைய இரும்பு அச்சு உள்ளே டப்பாவில் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம், பாய் கடையில் ஸ்பேனர் இருக்கிறது, நானே பிடித்துக்கொள்கிறேன் என்று மன்றாடினேன். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. "செய்யலாம், செய்யலாம்" என்றார். "ஆனா கொறச்சத திரும்பவும் ஏத்தறதுங்கறது..." என்று இழுத்தார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அக்காவை அவர் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரிடம் நான் ஒரு வார்த்தை குரலை உயர்த்திப் பேசியதில்லை. அன்றைக்கு நடுத்தெருவில், சூளைக்கு வேலைக்கு வந்த பெண்கள் நின்று பார்க்கப் பார்க்கக் கத்தினேன். "ஒங்க அக்காகாரி தாலிய நெனச்சிப் பேசற, பேசு" என்று சொல்லி அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒற்றை விரலில்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் உடைந்த பீங்கான் சில்லு ஒன்று அவர் காலில் ஏறியது. சர்க்கரைக் காலில் உணர்ச்சி செத்துப்போயிருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை. செருப்பில் ரத்தத்தைப் பார்த்து அக்காதான் கண்டுபிடித்தாள். புண் ஆறவில்லை. புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ப் பெருவிரலை எடுத்தார்கள். அங்கேயே கிட்னியும் கெட்டிருப்பது தெரிந்தது. பிறகு ஒரு கண்ணும் மங்கியது. டாக்டர் முன்பு சொன்ன வரிசை கொஞ்சம் முன்பின்னாக வந்ததே தவிர ஒன்றும் விட்டுப்போகவில்லை. மாற்றி மாற்றி ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தோம். உப்பு இல்லாத சோறு, அளந்து தண்ணீர். வடை கண்ணில் காட்டவில்லை. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, வெளியே போய் அழுதார்கள்.

அவர் மட்டும் அழவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

ஒருநாள் காலையில் லேபுக்கு போன் வந்தது. குரல் நூல் மாதிரி இருந்தது. "மாப்ள, கம்பெனிக்கு வா. சீக்கிரம்." என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு போனேன். மண் மூட்டை நிறுக்கிற பெரிய தராசின் மேல், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, கால் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா. முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிவந்திருந்தாள்.

"எண்பதுக்குக் கீழ வந்துட்டேன்" என்றார் மாமா. "பாரு. நல்லா பாரு."

பார்த்தேன். எண்பதுக்குக் கீழே என்ன, அதைத் தாண்டி எங்கேயோ போயிருந்தார். வேறு யாருடைய எடையோ போல இருந்தது. நோய் தின்ற உடம்பை ஜெயித்த உடம்பாக நினைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். சைக்கிளை ஏற்கனவே ஆள்விட்டு இறக்கி, துடைத்து, காற்றடித்து வாசலில் நிறுத்தச் சொல்லியிருந்தார்.

"வேணாங்க. கட்டு அவுந்துடும்" என்றாள் அக்கா.

"ஒரே ஒரு ரவுண்டு. கம்மாபுரம் ரோட்டு முனை வரைக்கும். மாப்ள புடிச்சிக்குவான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? எத்தனை வருஷம் ஏறுங்கள் ஏறுங்கள் என்று கெஞ்சியவன் நான்தானே. வாசலுக்குக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய், தூக்கி உட்கார வைத்தேன். தூக்க எனக்கு மூச்சு வாங்கவில்லை, அதுவே எனக்குத் தாங்கவில்லை. கட்டுப் போட்ட காலை ஒரு பெடலில் வைத்தேன். இன்னொரு காலை அவரே வைத்துக்கொண்டார். சீட்டுக்குப் பின்னால் ஒரு கை, அவர் முதுகில் ஒரு கை. தள்ள ஆரம்பித்தேன்.

அச்சு முறியவில்லை. கிறீச் என்று ஒரு சத்தம்கூட இல்லை. எஸ்டேட் தெருவில் பூவரச நிழல் வழியாகச் சைக்கிள் போனது. சூளைப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வாசல்களில் வந்து நின்றார்கள். பாய் கடையிலிருந்து எழுந்து நின்றார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்திருந்தார். கால்கள் மெல்ல, மிக மெல்ல, சுற்றிக்கொண்டிருந்தன.

"பாத்தியா மாப்ள" என்றார். "எவ்ளோ லேசாப் போவுது பாத்தியா."

பின்சக்கரத்தில் டிக் டிக் என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும், மிதி சக்கரத்தில் பிடித்தால் அந்தச் சத்தம் நின்றுவிடும். நிற்கும் நிற்கும் என்று காது கொடுத்துக்கொண்டே தள்ளினேன். ரோட்டு முனை வரைக்கும் அது நிற்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"மாமா, ஒரே ஒரு மிதி மிதிங்க மாமா" என்றேன்.

"மிதிச்சிக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார் திரும்பாமல். "லேசா இருக்கறதால ஒனக்குத் தெரியல."